மாகாண சபைத் தேர்தலும் ஜனாதிபதி முறையும்: எந்த வழியில் போனால் வாக்குறுதி பிழைக்கும்?

2018 ஆகஸ்ட் 24. மாகாண சபைகளுக்கான எல்லை நிர்ணய அறிக்கை இலங்கை நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்புக்கு வந்தது. எதிராக 139 வாக்குகள். ஆதரவாக ஒன்றுகூட இல்லை. அறிக்கையைச் சபைக்குக் கொண்டுவந்த அமைச்சரே அதற்கு எதிராகக் கை உயர்த்தினார். அந்த அறிக்கை தயாராக வழிசெய்த சட்டத்தை 11 மாதங்களுக்கு முன்பு 159 வாக்குகளால் நிறைவேற்றியதும் இதே சபைதான்.

இந்த நாட்டில் சீர்திருத்த வாக்குறுதி எப்படிச் சாகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நாள் வேறில்லை. யாரும் மேடையேறி “செய்யமாட்டேன்” என்று சொல்வதில்லை. சட்டம் வருகிறது, குழு அமைகிறது, அறிக்கை வருகிறது, அதைப் பார்க்க இன்னொரு குழு வருகிறது. இடையில் ஏதோ ஒரு தரிப்பிடத்தில் வண்டி நிற்கிறது. சாரதி இறங்கிப் போய்விடுகிறார். ஆகவே எந்தத் தேர்தல் முறை நல்லது, எந்த ஆட்சிமுறை நல்லது என்று கேட்பதற்கு முன் கேட்கவேண்டியது வேறொன்று: இந்த வழியில் எத்தனை தரிப்பிடங்கள், வண்டியை எங்கெங்கே நிறுத்திவைக்கலாம்? கீழே உள்ள தெரிவுகளை அந்தக் கண்ணோடுதான் பார்க்கிறோம்.

மாகாண சபை: முடிச்சு எங்கே விழுந்தது

கடைசியாக மாகாண சபைத் தேர்தல் நடந்தது 2014 செப்டம்பரில், ஊவாவில். வடக்கில் 2013 செப்டம்பர் 21. கிழக்கு, வடமத்தி, சப்ரகமுவ மூன்றிலும் 2012. இந்த மூன்று சபைகளின் ஆயுளும் 2017 செப்டம்பர்–ஒக்டோபரில் முடிவதாக இருந்தது. எல்லா மாகாணங்களுக்கும் ஒரே நாளில் தேர்தல் வைப்பதாகச் சொல்லி அரசாங்கம் 20ஆவது திருத்தச் சட்டமூலம் ஒன்றைக் கொண்டுவந்தது. அதற்கு மூன்றில் இரண்டோடு சர்வஜன வாக்கெடுப்பும் வேண்டும் என்றது உயர் நீதிமன்றம். அதே வாரம், 2017 செப்டம்பர் 20 அன்று, வேறு கதவு திறந்தது. வேட்புமனுக்களில் பெண்களுக்கு 30 வீதம் என்பதற்காக வந்திருந்த ஒரு சட்டமூலத்துக்குள், குழுநிலையில், முழுத் தேர்தல் முறையையும் மாற்றும் திருத்தங்கள் செருகப்பட்டன. பாதி தொகுதி, பாதி விகிதாசாரம். அதுவே 2017இன் 17ஆம் இலக்கச் சட்டம். பழைய முறை சட்டப் புத்தகத்திலிருந்து போய்விட்டது. புதிய முறைக்குத் தேவையான தொகுதி எல்லைகள் இன்னும் பிறக்கவில்லை.

இனித் தரிப்பிடங்களை எண்ணுங்கள். ஐந்து பேர் கொண்ட எல்லை நிர்ணயக் குழு. நான்கு மாதங்களில் அறிக்கை. அமைச்சரிடம் ஒப்படைப்பு. நாடாளுமன்ற அங்கீகாரம். அங்கீகாரம் கிடைக்காவிட்டால் சபாநாயகர் அமைக்கும், பிரதமர் தலைமை தாங்கும் ஐவர் மீளாய்வுக் குழு. இரண்டு மாதங்களில் ஜனாதிபதிக்கு அறிக்கை. பிறகு வர்த்தமானி. முதல் குழு தன் வேலையை முடித்து 2018 பெப்ரவரியில் அறிக்கையைக் கொடுத்தது. மீளாய்வுக் குழு கொடுக்கவே இல்லை. கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று சட்டத்தில் ஒரு வரியும் கிடையாது. பழைய முறையில் நடத்தலாமா என்று 2019இல் ஜனாதிபதி உயர் நீதிமன்றத்திடம் கேட்டார். பழைய சட்டம் நீங்கிவிட்டது, அறிக்கையில்லாமல் எல்லையைப் பிரகடனம் செய்யவும் முடியாது என்பதே பதில். அன்றிலிருந்து மாகாணங்களை ஆளுநர்கள்தான் நடத்திவருகிறார்கள். ஆளுநரை நியமிப்பவர் ஜனாதிபதி.

முதல் வழி: பழைய விகிதாசாரத்துக்குத் திரும்புதல்

1988ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டம் சொன்ன முறை இது. மாவட்டம் ஓர் அலகு. கட்சிக்கு ஒரு புள்ளடி, அதற்கு மேல் மூன்று விருப்பு வாக்குகள் வரை. மாகாணம் முழுவதிலும் முதலாவதாக வரும் கட்சிக்கு இரண்டு போனஸ் ஆசனங்கள். வடக்கின் 38இல் யாழ்ப்பாணம் 16, வவுனியா 6, மன்னார் 5, முல்லைத்தீவு 5, கிளிநொச்சி 4. மிச்சம் இரண்டும் போனஸ். 2013இல் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு 78.48 வீத வாக்குகளுடன் போனஸ் உட்பட 30 ஆசனங்களைப் பெற்றது. அது சபையில் 78.9 வீதம். வாக்குக்கும் ஆசனத்துக்கும் இடையில் அரை வீத இடைவெளிகூட இல்லை.

இதற்குத் தேவை ஒரு சிறு சட்டமூலம்: 2017இன் திருத்தத்தை ஒதுக்கி, நீக்கப்பட்ட பிரிவுகளை மீண்டும் உயிர்ப்பிப்பது. தமிழ்த் தரப்பிலிருந்து தனிநபர் சட்டமூலங்களாக இந்த யோசனை பலமுறை வந்தும் இருக்கிறது. எல்லை வரையத் தேவையில்லை, மாவட்ட எல்லைகள் அப்படியே இருக்கின்றன. தேர்தல் ஆணைக்குழுவுக்கும் இந்த முறை பழக்கமானது. மூன்றில் இரண்டு தேவை என்று யாராவது வாதாடினாலும், 225இல் 150 போதும். 2024 நவம்பரில் தெரிவான ஆளும் தரப்பான தேசிய மக்கள் சக்தியிடம் 159 இருந்தது. ஒரே தரிப்பிடம், அதுவும் நாடாளுமன்றம்.

குறைகளை மறைக்கவேண்டியதில்லை. விருப்பு வாக்கு என்பது ஒரே கட்சிக்காரர்கள் ஒருவரின் சுவரொட்டி மேல் ஒருவர் ஒட்டும் போட்டி. வேட்பாளர் முழு மாவட்டத்தையும் சுற்றவேண்டும்; பணமில்லாதவர் யாழ்ப்பாண மாவட்டத்திலேயே மூச்சு வாங்குவார், கம்பஹாவில் கேட்கவே வேண்டாம். “எங்கள் ஊருக்கு உறுப்பினர் யார்?” என்ற கேள்விக்கு இந்த முறையில் பதிலில்லை. பெண்களுக்கு உறுதியான இடமும் இல்லை. 2017இன் சட்டத்தை முழுவதுமாக வீசினால் அதன் பெண்கள் பங்கும் சேர்ந்து போய்விடும். எனவே மீளக் கொண்டுவரும் சட்டமூலத்தில் அந்த ஒரு பிரிவையாவது காப்பாற்றி எழுதவேண்டும். அதைச் செய்ய ஒரு பந்தி போதும்.

இரண்டாவது வழி: கலப்பு முறையை முடித்துவைத்தல்

உள்ளூராட்சி சபைகளில் இந்த இயந்திரம் ஏற்கெனவே ஓடிவிட்டது. 2018 பெப்ரவரி 10இலும் 2025 மே 6இலும் வட்டாரத்துக்கு 60, கட்சிப் பட்டியலுக்கு 40 என்ற விகிதத்தில் தேர்தல் நடந்தது. அது எப்படி ஓடுகிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் விளங்கும்.

ஒரு பிரதேச சபையில் 20 ஆசனங்கள் என்று வைத்துக்கொள்வோம். 12 வட்டாரம், 8 பட்டியல். செல்லுபடியான வாக்குகள் 20,000. ஆகவே ஓர் ஆசனத்துக்கு 1,000. ‘அ’ கட்சி 9,000 வாக்கு, 8 வட்டாரம். அதற்குரியது 9 என்பதால் பட்டியலில் ஒன்று சேரும். ‘ஆ’ 6,000 வாக்கு, 2 வட்டாரம்; பட்டியலில் நான்கு. ‘இ’ 3,000 வாக்கு, வட்டாரம் எதுவுமில்லை; பட்டியலில் மூன்று. சுயேச்சைக் குழு ஒன்று 2,000 வாக்கு, 2 வட்டாரம், பட்டியலில் எதுவுமில்லை. மொத்தம் 20, சரியாகப் பொருந்துகிறது. இப்போது வாக்குகளைத் தொடாமல் வட்டாரங்களை மட்டும் மாற்றுவோம். ‘அ’ 11 வட்டாரம் வென்றது, ‘ஆ’ ஒன்று, மற்ற இருவருக்கும் எதுவுமில்லை. ‘அ’வுக்கு உரியது 9தான், ஆனால் வென்ற 11ஐப் பறிக்க முடியாது. மற்றவர்களுக்குரிய 6, 3, 2 ஆகியவற்றையும் கொடுத்தாகவேண்டும். சபை 22 ஆகிறது. 12 வட்டாரங்களில் 11ஐ வென்ற கட்சியிடம் 22இல் 11. தவிசாளர் கதிரை கைக்கு எட்டாது.

சபைகள் ஏன் வீங்கின, வென்றவர்கள் ஏன் ஆட்சியமைக்க அலைந்தார்கள் என்பதற்கு விடை இந்தக் கணக்கில் இருக்கிறது. முன்பு நாடு முழுவதும் நாலாயிரத்துச் சொச்சம் இருந்த உள்ளூராட்சி உறுப்பினர்கள் 2018க்குப் பிறகு எட்டாயிரத்தைத் தாண்டினார்கள். 2025இல் கொழும்பு மாநகர சபையின் 117 ஆசனங்களில் தேசிய மக்கள் சக்திக்கு 48. மேயர் தெரிவு இரகசிய வாக்கெடுப்பில் 61க்கு 54 என்று முடிந்தது. அந்த 13 கூடுதல் வாக்குகள் எங்கிருந்து வந்தன என்று வாக்காளர் கேட்டால், சீட்டில் பெயர் இல்லை.

ஊருக்கு ஓர் உறுப்பினர் கிடைத்தார் என்பது உண்மையான ஆதாயம். நூற்றுக்கு இரண்டு அளவில் கிடந்த பெண்களின் பங்கு, 25 வீத ஏற்பாட்டால் 20க்கு மேல் ஏறியது இன்னும் பெரிய ஆதாயம். அதிலும் ஓர் ஓட்டை உண்டு: 20 வீதத்துக்குக் குறைந்த வாக்கும் மூன்றுக்குக் குறைந்த ஆசனமும் பெற்ற கட்சிக்கு அந்தக் கடமை இல்லை. சிறு கட்சிகள் நிறைந்த சபைகளில் அதனால்தான் 25ஐத் தொட முடியாமல் போனது.

மலையகத் தமிழரும் தெற்கில் சிதறி வாழும் முஸ்லிம்களும் கலப்பு முறையை ஏன் சந்தேகத்தோடு பார்க்கிறார்கள் என்பது மேலே போட்ட கணக்கில் தெரியாது, அதில் விகிதம் காப்பாற்றப்படுகிறதே என்று தோன்றும். நுணுக்கம் வேறிடத்தில் இருக்கிறது. பழைய முறையில், கண்டி போன்ற மாவட்டத்தில் பரந்து வாழும் ஒரு சமூகம், பெரிய கட்சிக்குப் புள்ளடி போட்டு, விருப்பு வாக்குகளைத் தன் ஆள் மேல் குவித்து அவரை மேலே இழுத்துவிடலாம். கலப்பு முறையில் அந்தக் கயிறு அறுந்துவிடுகிறது. தொகுதியில் அவர்கள் பெரும்பான்மை இல்லை. பட்டியலில் யாரை எடுப்பது என்பதை முடிவு வந்த பிறகு கட்சிச் செயலாளர் தீர்மானிக்கிறார். தனிக் கட்சியாக நின்றால்? வாக்காளருக்கு ஒரே வாக்குச்சீட்டு, ஒரே புள்ளடி. ஆகவே ஒவ்வொரு வட்டாரத்திலும் ஆள் நிறுத்தாமல் வாக்குச் சேராது. 2018இல் எல்லை நிர்ணய அறிக்கை கவிழ்ந்ததற்கு இந்த அச்சம் ஒரு காரணம். தேர்தலைச் சந்திக்க விருப்பமில்லாத பெரிய கட்சிகளுக்கு அந்த அச்சம் நல்ல குடையாகவும் இருந்தது.

இந்த வழியை இன்று எடுத்தால், 2018 அறிக்கையைத் தூசி தட்டினால் போதாது. அது பழைய சனத்தொகைத் தரவில் வரையப்பட்டது. 2024 இறுதியில் புதிய குடிசன மதிப்பீடு எடுக்கப்பட்டுவிட்டது. ஆகவே புதிய குழு, புதிய எல்லைகள், பொதுமக்கள் முறைப்பாடுகள், மறுபடி நாடாளுமன்றம், தேவைப்பட்டால் மறுபடி மீளாய்வுக் குழு. ஐந்து தரிப்பிடங்கள், அவற்றில் ஒன்றுக்குக் கதவே இல்லை. “குறித்த நாளுக்குள் அறிக்கை வராவிட்டால் பழைய முறையில் தேர்தல் நடக்கும்” என்ற ஒரு வரியைச் சேர்த்தால் இந்த வழி நடக்கக்கூடியதாகிறது. சேர்க்காதவரை இது தேர்தலை நடத்தாமலிருக்கும் முறை.

மூன்றாவது: இன்னொரு புதிய சூத்திரம்

70க்கு 30, இரண்டு வாக்குச்சீட்டு, வெட்டுப்புள்ளி (ஆசனம் பெறத் தேவையான குறைந்தபட்ச வாக்கு வீதம்) என்று புதிதாக யோசிப்பவர்கள் எப்போதும் இருக்கிறார்கள். இரண்டு வாக்கு முறை ஒற்றை வாக்கைவிடச் சிறந்தது என்பதில் சந்தேகமில்லை: ஆளுக்கு ஒன்று, கட்சிக்கு ஒன்று. ஆனால் அதைத் தேர்தலுக்கு முன் நிபந்தனையாக வைப்பவர் தெரிவுக்குழு ஒன்றைக் கேட்கிறார் என்று அர்த்தம். தெரிவுக்குழுவுக்கு முடிவுத் திகதி போட்டு இந்த நாட்டில் யாரும் கண்டதில்லை. சபைகள் கூடியபின் செய்யலாம்.

மாகாண சபை விஷயத்தில் எங்கள் தீர்ப்பு முதல் வழிக்கே. அது அழகான முறை என்பதால் இல்லை. நிறுத்திவைக்க இடம் குறைவு என்பதால். 2024இல் தேசிய மக்கள் சக்தியின் விஞ்ஞாபனம் ஓர் ஆண்டுக்குள் உள்ளூராட்சி, மாகாண சபைத் தேர்தல்களை நடத்துவதாகச் சொன்னது. முதலாவது 2025 மேயில் நடந்தது. அதற்குச் சட்டமும் எல்லையும் தயாராக இருந்தன. மற்றதற்கு இல்லை. வாக்குறுதியின் பாதி நிறைவேறி, பாதி அந்தரத்தில் நின்றதற்கு அந்த வித்தியாசமே போதுமான விளக்கம்.

நிறைவேற்று ஜனாதிபதி: ஒழிப்பதா, நறுக்குவதா, பொதியில் போடுவதா

இது இன்னும் பழைய கடன். 1994 நவம்பரில் சந்திரிகா குமாரதுங்க 62.28 வீத வாக்கில் வென்றார். 1995 ஜூலை 15க்கு முன் இந்தப் பதவியை ஒழிப்பதாக மக்கள் விடுதலை முன்னணியின் வேட்பாளருக்கு எழுத்தில் கொடுத்திருந்தார், அவரும் அதை நம்பிப் போட்டியிலிருந்து விலகினார். அந்தத் திகதி வந்து போனது. 2005இல், 2015இல், 2024இல் வென்றவர்களும் இதே சரக்கைத்தான் விற்றார்கள்.

நறுக்குவது என்பது இதுவரை நடந்த வழி. 2001இல் 17ஆவது திருத்தம் ஜனாதிபதியின் நியமன அதிகாரத்தை அரசியலமைப்புப் பேரவைக்குக் கீழ் கொண்டுவந்தது. 2010இல் 18 அதைப் பிடுங்கி, இரண்டு தவணைக் கட்டுப்பாட்டையும் சேர்த்து அகற்றியது. 2015 ஏப்ரலில் 19 மீட்டது. 2020 ஒக்டோபரில் 20 (2017இன் சட்டமூலம் அல்ல, இது வேறு) கவிழ்த்தது. 2022 ஒக்டோபரில், 179 வாக்குகளோடு, 21 பெருமளவு மீட்டது. இடைவெளிகளைப் பாருங்கள்: ஒன்பது ஆண்டு, ஐந்து, ஐந்து, இரண்டு. 2020இல் 20க்குக் கை உயர்த்திய அதே நாடாளுமன்றம்தான் 2022இல் 21க்கும் உயர்த்தியது. மூன்றில் இரண்டால் மட்டும் வந்தது மூன்றில் இரண்டால் மட்டும் போகும். இந்த வழியில் தரிப்பிடம் குறைவு, வண்டியும் சீக்கிரம் போய்ச் சேரும்; ஆனால் திரும்பிவரும் வண்டியும் அதே வேகத்தில் வரும்.

முழுதாக ஒழிப்பது வேறு கணக்கு. நாடாளுமன்றத்தில் 150, பிறகு சர்வஜன வாக்கெடுப்பில் செல்லுபடியான வாக்குகளில் பாதிக்கு மேல். 83ஆவது உறுப்புரையின் பட்டியலில் ஜனாதிபதி பதவி இல்லையே, பிறகு ஏன் வாக்கெடுப்பு என்று கேட்பவர்கள் உண்டு. மக்களின் நிறைவேற்று அதிகாரத்தை மக்கள் தெரிவுசெய்த ஜனாதிபதி செயற்படுத்துவார் என்கிற 4ஆவது உறுப்புரையை, மக்கள் இறைமை பற்றிய 3ஆவது உறுப்புரையோடு சேர்த்து வாசிக்கிறது உயர் நீதிமன்றம். 3 அந்தப் பட்டியலில் இருக்கிறது. 2015இல் ஜனாதிபதியின் அதிகாரத்தைப் பிரதமருக்கு மாற்றும் வாசகங்கள் இதனாலேயே கைவிடப்பட்டன. அன்று ஆட்சியிலிருந்தவர்கள் வாக்கெடுப்புக்குப் போகத் துணியவில்லை.

துணியாததற்கு ஒரு வரலாற்றுக் கூச்சமும் உண்டு. இலங்கை கண்ட ஒரே சர்வஜன வாக்கெடுப்பு 1982 டிசம்பர் 22இல் நடந்தது. விளக்கா (ஆம்), குடமா (இல்லை) என்று கேட்டார்கள். விளக்கு வென்றது, பொதுத் தேர்தல் இல்லாமலே நாடாளுமன்றத்தின் ஆயுள் நீண்டது.

ஒழிப்புச் சட்டமூலத்தை எழுதுபவர்கள் சறுக்கும் இடம் ஒன்று, மாகாண சபைகளை உருவாக்கிய 13ஆவது திருத்தம். மாகாண ஆளுநரை நியமிப்பது ஜனாதிபதி, அவர் விரும்பும்வரை பதவி. மாகாணத்தின் நிறைவேற்று அதிகாரம் ஆளுநர் வழியாகவே ஓடுகிறது. ஜனாதிபதியைப் பெயரளவுத் தலைவராக்கினால் இந்தக் குழாயை யாரிடம் பொருத்துவது? பிரதமரிடம் என்றால் கொழும்பின் பிடி தளராது, கை மட்டும் மாறும். தமிழ்க் கட்சிகள் ஒழிப்புக்குத் தலையசைக்கும் முன் கேட்கவேண்டிய வாசகம் இது. நாடளாவிய வாக்கில் வெல்லவேண்டிய ஜனாதிபதி சிறுபான்மையினரின் வாக்கைத் தேடி வருவார், பிரதமர் வரமாட்டார் என்ற மறுவாதமும் இருக்கிறது. 2015இல் அது மெய்யானது, 2019இல் பொய்த்தது.

மூன்றாவதாக, எல்லாவற்றையும் ஒரே பொதியில் கட்டுவது. 2000 ஆகஸ்டில் வந்த புதிய அரசியலமைப்பு வரைவில் அதிகாரப் பகிர்வும் இருந்தது, ஜனாதிபதி முறை ஒழிப்பும் இருந்தது. கூடவே, பதவியிலிருப்பவர் தன் காலம் முடியும்வரை தொடரலாம் என்ற இடைக்கால ஏற்பாடும் ஒட்டிக்கொண்டது. எதிர்க்கட்சியினர் சபைக்குள்ளேயே வரைவின் பிரதியைக் கொளுத்தினார்கள். வாக்கெடுப்பே நடக்கவில்லை. 2016இல் நாடாளுமன்றம் அரசியலமைப்புச் சபையாக மாறியது. 2017 செப்டம்பரின் இடைக்கால அறிக்கை ஜனாதிபதி முறை ஒழிப்பையும், 233 ஆசனம் கொண்ட கலப்பு முறை நாடாளுமன்றத்தையும் முன்வைத்தது. நாடு பேசியது அவற்றைப் பற்றியல்ல. ‘ஏக்கிய ராஜ்ஜிய’ (ஒற்றையாட்சி அரசு) என்ற சிங்களச் சொல்லுக்குப் பக்கத்தில் ‘ஒருமித்த நாடு’ என்ற தமிழ்ச் சொல் உட்கார்ந்திருந்ததைப் பற்றி. பொதியில் ஒரு சாமான் பிடிக்காவிட்டால் முழுப் பொதியும் திரும்பிப் போகும். வாக்குறுதியைக் கொடுத்தவருக்கு அது வசதி: “நான் கொண்டுவந்தேன், அவர்கள்தான் விடவில்லை.”

ஆகவே, தனிச் சட்டமூலம், ஒரே விடயம், சர்வஜன வாக்கெடுப்போடு. செலவைக் குறைக்க அதை மாகாண சபைத் தேர்தல் நாளிலேயே வைக்கலாம். வாக்குச்சாவடியும் அலுவலர்களும் எப்படியும் அங்கே இருப்பார்கள்.

சொல்லைக் காப்பாற்றிய ஓர் ஊர்

நியூசிலாந்திலும் முதலில் இதே கதைதான். 1987 தேர்தல் விவாதத்தில் பிரதமர் டேவிட் லாங்கே தேர்தல் முறை பற்றி வாக்கெடுப்பு நடத்துவதாக வாய்விட்டார். அவருடைய தொழிற்கட்சி அதைச் செய்யவில்லை. எதிர்த்தரப்பு அந்த உடைந்த வாக்குறுதியையே பிரசாரமாக்கி 1990இல் வென்றது, பிறகு தானே மாட்டிக்கொண்டது. 1992இல் முதல் வாக்கெடுப்பு. 1993 நவம்பரில் இரண்டாவது. அந்த இரண்டாவது வாக்கெடுப்புக்கு முன்பே புதிய தேர்தல் சட்டம் முழுதாக நிறைவேற்றப்பட்டு, மக்கள் ஆமென்றால் நடைமுறைக்கு வரும் என்று எழுதிவைக்கப்பட்டிருந்தது. 53.9 வீதம் ஆமென்றார்கள். அதற்குப் பிறகு குழு அமைக்கவோ இழுத்தடிக்கவோ இடமே இருக்கவில்லை. 1996இல் புதிய முறையில், ஆளுக்கு இரண்டு வாக்கோடு, தேர்தல் நடந்தது.

அடுத்த விஞ்ஞாபனம் கைக்கு வரும்போது சீர்திருத்தப் பக்கத்தை இந்த ஒழுங்கில் வாசிக்கலாம். சட்டமூலத்தின் வாசகம் இணைக்கப்பட்டிருக்கிறதா, அல்லது “ஆராயப்படும்” என்று முடிகிறதா? திகதி இருக்கிறதா? திகதி தவறினால் தானாக என்ன நடக்கும் என்று எழுதியிருக்கிறதா? எத்தனை குழுக்கள்? பதவியிலிருப்பவருக்கு மட்டும் பொருந்தாத இடைக்கால ஏற்பாடு ஏதும் கடைசிப் பக்கத்தில் ஒளிந்திருக்கிறதா? 1994இல் திகதி இருந்தது, வாசகம் இல்லை. 2000இல் வாசகம் இருந்தது, கடைசிப் பக்கம் கெடுத்தது. 2017இல் சட்டமே இருந்தது. தவறினால் என்ன என்ற வரி மட்டும் இல்லை.